திருடன் எந்தப் படம் பார்த்தான்?

1994 ஜூன் ஆறாம் தேதி, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அங்கப்பன் போலீஸ் ஸ்டேஷன் படியேறினான். கோயமுத்தூருக்குக் கிழக்கே மில்லுகளுக்கு நடுவில் இருந்த ஸ்டேஷன் அது. பேரைச் சொல்லி அதற்குப் பெருமை சேர்க்க வேண்டியதில்லை. அங்கப்பன் பவுண்டரியில் மணல் அச்சுப் போடுகிறவன். நாற்பத்தைந்து வயதில் ஸ்டேஷனுக்குள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. என்ன செய்வதென்று தெரியாமல் செருப்பை வாசலிலேயே கழற்றி விட்டான். யாரும் போட்டுக்கொள் என்று சொல்லவில்லை.

உள்ளே ரைட்டர் வேலுமணி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து போண்டா தின்றுகொண்டிருந்தார்.

"என்னப்பா?"

"ஊட்டுல களவு போயிருச்சுங்க. நேத்து காங்கேயத்துல சொந்தக்காரங்க கண்ணாலத்துக்குப் போயிருந்தமுங்க. பொழுதோட வந்து பாத்தாக் கதவை ஒதைச்சுத் தெறந்து போட்டிருக்குதுங்க. டிரங்குப் பொட்டியைக் காணமுங்க."

"பொட்டியில என்ன, நகையா?"

"நகைக்கு நாங்க எங்கீங்க போறது. சம்சாரத்தோட பட்டுச் சீலை ஒண்ணு. அப்பறம் எம்புள்ளையோட மார்க் சீட்டு, டிசி, சாதிச் சான்றுங்க."

அந்த மூன்று காகிதங்கள்தான் விஷயம். அங்கப்பனின் அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் தோட்டத்தில் மாடு மேய்த்து, கிணறு வெட்டி, களத்துமேட்டில் கூலி வாங்கினவர்கள். அந்த வழியில் முதன்முதலாகப் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவள் அவன் மகள் மதிவதனி. அரசு நர்சிங் படிப்புக்கு நேர்காணல் அட்டை வந்துவிட்டது. ஜூலை இருபதாம் தேதி, அசல் சான்றிதழ்களுடன் வரவேண்டும். அசல் தொலைந்தால் நகல் கேட்கலாம். நகல் கேட்க வேண்டுமானால், களவு போனது உண்மை, தேடியும் கிடைக்கவில்லை என்று போலீஸ் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ஒரு துண்டுக் காகிதத்துக்காகத்தான் அங்கப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

வேலுமணி விரலைத் துடைத்துக்கொண்டு ஒரு படிவத்தை எடுத்தார். பேர், தகப்பன் பேர், சாதி, விலாசம், களவு போன சாமான் என்று கட்டம் கட்டமாக எழுதிக்கொண்டு போனவர் பதினாலாவது கட்டத்தில் நின்றார்.

"எந்தப் படம்?"

"எதுங்க?"

"திருடன் எந்தப் படத்தைப் பாத்துட்டு வந்து உன்ற ஊட்டுல திருடுனான்?"

அங்கப்பன் திருதிருவென்று விழித்தான். "அது எனக்கு எப்படீங்க தெரியும்?"

"தெரியாதுன்னு எழுதுனா மேல இருந்து திருப்பி அனுப்பிப் போடுவாங்க. பதினாலு நெறைஞ்சாத்தான் கேஸு. படம் பேரு, எந்தக் காட்சி, இடைவேளைக்கு முன்னாலயா பின்னாலயா, மூணும் வேணும். விசாரிச்சுட்டு வா."

இந்தப் பதினாலாம் கட்டம் உதவி கமிஷனர் சென்னகேசவனின் மூளையில் உதித்த குழந்தை. அவர் வந்த பிறகு ஊரில் திருட்டு இரண்டு பங்காகிவிட்டது என்று பேப்பர்காரர்கள் எழுதினார்கள். ஏன் என்று மேலிடம் கேட்டது. ரோந்து போகாததால் என்று சொன்னால் ரோந்து போகவேண்டி வரும். அதனால் அவர் யோசித்து, சினிமாவும் டிவியும் பார்த்துக் கெட்டுப்போகிறார்கள் என்று பதில் எழுதினார். மேலிடத்துக்கு அந்தப் பதில் கற்கண்டாக இனித்தது. உடனே 'திரைத் தூண்டல் குற்றத் தனிப்பிரிவு' என்று ஒன்றை ஏற்படுத்தி, அதை அவர் கையிலேயே கொடுத்தது. குற்றம் செய்தது சினிமா என்று தீர்ந்துவிட்ட பிறகு திருடனைத் தேடுகிற சிரமம் யாருக்கும் இல்லாமல் போயிற்று.

அங்கப்பன் மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். ஒவ்வொரு தடவையும் புதிதாகப் புகார் எழுதிக் கொடுத்தான். நான்காவது புகாரை, மதிவதனி முத்து முத்தான கையெழுத்தில் எழுதிக் கொடுத்ததை, வேலுமணி இரண்டாக மடித்து, போண்டாவை அதன் நடுவில் வைத்து அழுத்தி எண்ணெய் எடுத்தார். அங்கப்பன் கண் முன்னாலேயே எடுத்தார். ஆனாலும் அவன் கைகட்டித்தான் நின்றான்.

அதே சமயம் மில் முதலாளி கோபாலசாமி காரில் வந்து இறங்கினார். கார் ஸ்டீரியோவை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். "வாங்க, உக்காருங்க, காப்பி சாப்புடறீங்களா" என்று வேலுமணியின் வாயில் அத்தனை 'ங்க'வும் வந்து வரிசையாக நின்றது. பதினாலாம் கட்டத்தை அவரே ஒரு படத்தின் பேர் போட்டு நிரப்பிக்கொண்டார். முதலாளிக்குக் காப்பி ஆறுவதற்குள் வழக்குப் பதிவாகிவிட்டது.

"எனக்கும் அதே படத்தைப் போட்டுக் குடுங்களே" என்றான் அங்கப்பன்.

"கார் ஸ்டீரியோவும் டிரங்குப் பொட்டியும் ஒண்ணாப்பா?" என்றார் வேலுமணி.

அடுத்த வாரம் அவனைத் தனிப்பிரிவுக்கே அனுப்பினார்கள். ஸ்டேஷனின் பின்கட்டு அறை அது. ஒரு பெரிய டிவி, பச்சை வெல்வெட் துணி தரை வரை தொங்கும் மேடைமேல் வீற்றிருந்தது. பக்கத்தில் டெக். சுவரோரம் கேசட்டுகள். எல்லாம் காந்திபுரத்தில் கேசட் கடை வைத்திருந்த சீனிவாசலுவிடமிருந்து ஆராய்ச்சிக்காகக் கைப்பற்றியவை. எதிரே எட்டுப் போலீஸ்காரர்கள் நாற்காலிகளில் சாய்ந்து, குற்றத் தடுப்பில் மூழ்கியிருந்தார்கள். சண்டைக் காட்சி வந்தால் ஓட விடுவார்கள், கற்பழிப்புக் காட்சி வந்தால் திருப்பிப் போடுவார்கள். ஆராய்ச்சியில் அந்த இடம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் புரிய வேண்டும் என்பதால் மூன்று தடவை போடுவார்கள். அங்கப்பன் தலையைக் குனிந்துகொண்டான். வீட்டில் வயது வந்த பெண்ணை வைத்திருக்கிறவன் அவன்.

"பாருய்யா, பாத்தாத்தானே அடையாளம் சொல்ல முடியும்" என்று அதட்டினார் சென்னகேசவன்.

பிறகு அவனுக்கு விளக்கமும் சொன்னார். தனி ஆளிடம் பேசினாலும் மேடையில் பேசுவதுபோல்தான் பேசுவார். "சினிமா வருவதற்கு முன்னால் இந்த நாட்டில் திருட்டே கிடையாது. பூட்டு என்ற பொருளே கிடையாது. மனிதன் தானாக எதையும் யோசிக்க மாட்டான். இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் நானே தானாக ஒன்றும் யோசித்ததில்லை. எல்லாம் பார்த்துச் செய்வதுதான்."

"எங்கப்பாரு மேய்ச்ச காளை ஒண்ணு களவு போச்சுங்க" என்றான் அங்கப்பன் மெதுவாக. "அப்ப எங்கூருப் பக்கம் சினிமாக் கொட்டாயே வரலீங்க."

சென்னகேசவன் ஒரு நிமிஷம் யோசித்தார். "தெருக்கூத்துப் பார்த்திருப்பான். வேலுமணி, குறித்துக்கொள்ளும்."

ஒன்பது நாள் பவுண்டரி வேலையை விட்டுவிட்டு அங்கப்பன் அந்த அறையின் தரையில் உட்கார்ந்து முப்பத்தொரு படம் பார்த்தான். வங்கியைக் கொள்ளையடித்தார்கள், ரயிலைக் கவிழ்த்தார்கள், வைரத்தைப் பாம்பு காவல் காத்தது. கதவை உதைத்துத் திறந்து ஒரு பெண்பிள்ளையின் மார்க் சீட்டைத் தூக்கிக்கொண்டு போகிறவன் எந்தப் படத்திலும் வரவில்லை. அப்படிப்பட்ட அற்பனை வைத்து யாரும் படம் எடுப்பதில்லை.

"அப்போ நாமே எடுப்போம்" என்றார் சென்னகேசவன்.

விழிப்புணர்வுப் படம். ஜூன் கடைசி வாரத்தில் ஒரு கல்யாண வீடியோக்காரனை மிரட்டிக் கூட்டிக்கொண்டு, தனிப்பிரிவு முழுவதும் அங்கப்பனின் வீட்டுக்கு வந்து இறங்கியது. திருடன் வேஷம் கான்ஸ்டபிள் கருப்புசாமிக்கு. தெருவே திரண்டு வந்து வேடிக்கை பார்த்தது.

"கதவை ஒதைச்சுத்தானுங்க வந்தான்" என்று அங்கப்பன் எடுத்துச் சொன்னான்.

"கதவை உதைத்தால் அதில் என்னய்யா இருக்கிறது பார்க்க?" என்றார் சென்னகேசவன். "கூரை வழியாக இறங்கட்டும்."

கூரை வழியாக இறங்கும் வித்தையை அவரே வகுத்தார். ஓட்டின்மேல் நனைத்த கோணிச் சாக்கை விரித்தால் சத்தம் கேட்காது. மூன்று ஓடுகளை உருவினால் ஓர் ஆள் இறங்கலாம். எந்த ஓட்டை முதலில் உருவ வேண்டும் என்பதைக் கேமரா கிட்டே போய்க் காட்டியது. பின்னணியில் சென்னகேசவனின் கனத்த குரல்: "இவ்வாறு சாக்கை நனைத்துப் போட்டால், பக்கத்து அறையில் தூங்குபவருக்குக்கூடத் தெரியாது. சாக்கு நன்றாக நனைந்திருக்க வேண்டும். ஆகவே பொதுமக்கள் விழிப்புடன் இருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

அங்கப்பனின் மனைவி பொன்னாத்தாளைப் பெட்டி இருந்த இடத்தில் உட்கார வைத்து அழச் சொன்னார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை.

"பொட்டி போன அன்னைக்கு அழுதீல்ல, அதே மாதிரி அழு அம்மணி" என்றார் வேலுமணி.

"அன்னைக்கு நாங்க நேருல வந்து அழுதப்ப நீங்க பாக்கலீங்களே. இப்பக் கேமராவுக்குள்ள பாத்தா மட்டும் நம்பீருவீங்களாக்கு?" என்றாள் பொன்னாத்தாள்.

அவள் கண்ணில் வெங்காயத்தைப் பிழிந்தார்கள். உருவிய மூன்று ஓடுகளில் இரண்டு உடைந்தன. அன்றைக்குப் பெய்த மழை அடுப்புமேலேயே விழுந்தது. போகும்போது சென்னகேசவன் அங்கப்பனின் முதுகைத் தட்டி, "இனி உனக்குக் கவலையில்லை. பதினாலாம் கட்டத்துக்கு ஒரு படம் தயாராகிவிட்டது" என்றார். பைத்தியம் பிடிக்காமல் அதைக் கேட்டுக்கொள்ள ஒரு பக்குவம் வேண்டும். அங்கப்பன் "ரொம்ப நன்றீங்க" என்றான்.

ஜூலை முதல் தேதியிலிருந்து உள்ளூர் கேபிளில் தினமும் மூன்று வேளை அந்தப் படம் ஓடியது. ஜனங்கள் விரும்பிப் பார்த்தார்கள். பார்க்க வேண்டியவர்களும் பார்த்தார்கள். பதினாலாம் தேதிக்குள் பதினோரு வீடுகளில் திருட்டு நடந்தது. எல்லாம் கூரை வழியாக, எல்லாம் மூன்றே மூன்று ஓடு, எல்லா இடத்திலும் நன்றாக நனைந்த கோணிச் சாக்கு. சென்னகேசவனின் இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் அவருடைய சொல்லை ஒரு கூட்டம் அட்சரம் பிசகாமல் கேட்டு நடந்தது அப்போதுதான்.

பதினோரு படிவங்களும் வேலுமணியின் மேசைக்கு வந்தன. பதினோரு பேரும் பதினாலாம் கட்டத்துக்கு ஒரே பதிலைத் தயக்கமில்லாமல் சொன்னார்கள். ஸ்டேஷனில் அன்று போண்டா இறங்கவில்லை. இதற்கு நடுவில் பத்தொன்பதாம் தேதி டவுன்ஹாலில் பாராட்டு விழா வேறு. திரைத் தூண்டலை ஒழித்ததற்காகச் சென்னகேசவனுக்குக் கேடயம் கொடுக்கப் போகிறார்கள்.

பதினெட்டாம் தேதி காலையில் அங்கப்பனுக்கு ஆள் வந்தது. நேர்காணலுக்கு இன்னும் இரண்டே நாள். அவன் கையும் மணலுமாக ஓடி வந்தான்.

"ஏனப்பா அங்கப்பா, இப்படி உக்காரு" என்றார் வேலுமணி. ஆறு வாரத்தில் முதன்முறையாக உட்காரச் சொல்கிறார். அங்கப்பனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"ஐயா ஒரு முடிவு பண்ணியிருக்கறாரு. நாம படமே எடுக்கலை. கேபிள்காரன்கிட்டயும் சொல்லியாச்சு. படம் இல்லீன்னா, படத்துல இருக்கற சம்பவமும் இல்லை. உன்ற ஊட்டுல களவே போகலைன்னு ஒரு கையெழுத்துப் போட்டுரு."

"எம்புள்ள மார்க் சீட்டுங்க?"

"அதைத்தான் சொல்றேன். களவுன்னாத்தான் பதினாலாம் கட்டம் வரும். பஸ்ஸுல தொலைஞ்சு போச்சுன்னா கட்டமே கெடையாது. இதுல கையெழுத்துப் போட்டீன்னா, பஸ்ஸுல தொலைஞ்சது, தேடியும் கெடைக்கலைன்னு இப்பவே சீல் போட்டுக் குடுத்தர்றேன். புள்ளை நாளான்னைக்கு நர்சு ஆயிரும்."

இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று அங்கப்பனுக்குத் தோன்றியது. கேட்கவில்லை. 'என் வீட்டில் எந்தப் பொருளும் களவு போகவில்லை, ஞாபகப் பிசகால் புகார் கொடுத்துவிட்டேன்' என்ற காகிதத்தில் கையெழுத்துப் போட்டான். வேலுமணி அதை வாங்கிப் பத்திரமாகப் பீரோவில் வைத்துப் பூட்டினார். இன்னொரு காகிதத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

அப்போது கேசட் கடை சீனிவாசலு இரண்டு ஆட்களோடு வந்தார். தனிப்பிரிவில் படம் பார்த்த அடையாளமே இருக்கக்கூடாது என்று அவருடைய டிவியையும் டெக்கையும் உடனே எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருந்தார்கள். ஆட்கள் டிவியைத் தூக்கினார்கள். வெல்வெட் துணி சரிந்தது.

கீழே இருந்தது ஒரு டிரங்குப் பெட்டி. நீல பெயிண்ட். முன்பக்கத்தில் வெள்ளை எழுத்தில் 'அ. மதிவதனி'.

ஒன்பது நாள் இதற்கு எதிரேதான் அங்கப்பன் உட்கார்ந்திருந்தான்.

"எம்பொட்டிங்க" என்றான்.

வேலுமணி பெட்டியைப் பார்த்தார், அங்கப்பனைப் பார்த்தார், பேனாவை மூடினார். "உன்ற பொட்டின்னு எப்படிச் சொல்றே? இப்பத்தானே களவே போகலைன்னு எழுதிக் குடுத்தே? களவு போகாத பொட்டி எப்படி ஸ்டேஷனுக்கு வரும்?"

"பேரு எழுதியிருக்குதுங்களே."

"ஊருல மதிவதனி ஒருத்திதானா? இது கேட்பாரில்லாத சாமான். ஆறு மாசம் கழிச்சு ஏலம் உடுவாங்க. அப்ப வந்து எடுத்துக்கோ."

"அப்ப அந்தத் தொலைஞ்ச காயிதத்தையாவது குடுங்க."

"பொட்டி கண்ணுக்கு முன்னால கெடக்கறப்போ தேடியும் கெடைக்கலைன்னு எப்படிப்பா எழுதறது? நாளைக்கு ஒருத்தன் கேட்டா நான் பொய் சொன்னவனாயிர மாட்டனா? சர்க்கார் உத்தியோகம்ப்பா இது."

அங்கப்பன் வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டான். கோபம்கூட வரவில்லை. சாக்கடையில் கால் வைத்துவிட்ட மாதிரி உடம்பெல்லாம் ஒரு அருவருப்பு. வீட்டில் மதிவதனி நேர்காணலுக்குப் போட்டுக்கொள்ளப் பாவாடை தாவணியைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். "காயிதம் குடுத்துட்டாங்களாப்பா?" என்றாள். "நாளைக்குங்க கண்ணு" என்றான் அவன்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு ஸ்டேஷனே டவுன்ஹாலில் இருந்தது. வாசலில் காவல் நின்றவர் கருப்புசாமி ஒருவர்தான். திருடனாக நடித்த முகத்தை மேடைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சென்னகேசவன் விரும்பவில்லை. அங்கப்பன் பொன்னாத்தாளையும் கூட்டிக்கொண்டு, இந்தத் தடவை செருப்புக்காலோடு படியேறினான்.

"எங்கப்பா போறே?" என்றார் கருப்புசாமி.

"ஐயா அந்த டிரங்குப் பொட்டியை எடுத்துட்டு வரச் சொன்னாருங்க. ஃபங்சன்ல வெக்கறதுக்குங்களாம்."

பிறந்ததிலிருந்து அவன் சொன்ன முதல் பெரிய பொய். குரல் நடுங்காமல் வந்தது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. கருப்புசாமி அதை நம்பினாரா இல்லையா என்பது அவருக்குத்தான் தெரியும். ஒரு நிமிஷம் இருவரையும் பார்த்தார். உள்ளே வந்து ஒரு பக்கம் கைகொடுத்து, பெட்டியை அங்கப்பனின் தலையில் ஏற்றிவிட்டார். "பாத்துப் போ" என்றார்.

பட்டப்பகலில், ஸ்டேஷன் படியிறங்கி, தேநீர்க் கடையையும் மில் கேட்டையும் தாண்டி, தன் மகளின் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு அங்கப்பன் நடந்தான். பின்னால் பொன்னாத்தாள் வந்தாள். யாரும் நிறுத்தவில்லை.

வீட்டில் வைத்துத் திறந்தார்கள். பட்டுச் சீலை இல்லை. மார்க் சீட்டு, டிசி, சாதிச் சான்று மூன்றும் அடியில் மடிப்புக் கலையாமல் இருந்தன. அவற்றின்மேல் ஒரு சீட்டு. 'மில் வேலியோரம் கிடந்ததாகப் பால்காரர் கொண்டுவந்து ஒப்படைத்த டிரங்குப் பெட்டி 1. உள்ளே மாணவி ஒருவரின் சான்றிதழ்கள். 6.6.94, காலை 8 மணி.' கீழே வேலுமணியின் கையெழுத்து.

மதிவதனி அதை இரண்டு தடவை படித்தாள். "நீங்க மொதமொதல்ல போனது பத்து மணிக்குத்தானுங்கப்பா?" என்றாள்.

பொன்னாத்தாள் எழுந்து வாசலுக்குப் போய்க் காறித் துப்பிவிட்டு வந்தாள்.

மறுநாள் நேர்காணலில் அசல்களைப் பார்த்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள், சேர்த்துக்கொண்டார்கள். மொத்தம் நாலு நிமிஷம் ஆயிற்று.

ஸ்டேஷனில் பெட்டி காணாமல் போனது கேடயம் வந்து சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. காவல் நிலையத்துக்குள்ளேயே திருட்டு. சென்னகேசவன் குதித்தார். வேலுமணி படிவத்தை எடுத்துக் கட்டம் கட்டமாக நிரப்பி, பதினாலில் வந்து நின்றார். இந்தக் கட்டம் நிறையாமல் ஒரு புகாரையும் ஏற்காதே என்று சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டவரே சென்னகேசவன்தான். சீனிவாசலுவின் டிவி திரும்பவும் வந்தது. எட்டுப் பேரும் திரும்பவும் உட்கார்ந்தார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்குள் நடந்து போய், போலீஸ்காரரைக் கொண்டே தலையில் ஏற்றிக்கொண்டு வருகிற காட்சி ஒரு படத்திலும் அகப்படவில்லை. படிவம் அப்படியே கிடந்தது. வழக்குப் பதிவாகவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தேநீர்க் கடையில் கருப்புசாமி அங்கப்பனின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னும் தேடிட்டுத்தான் இருக்கறாங்கப்பா. எங்கிட்டயாச்சும் சொல்லு, எந்தப் படத்தைப் பாத்துட்டுச் செஞ்சே?"

அங்கப்பன் டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்தான்.

"படமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றான். "ஆறு வாரம் உங்களையேதானுங்க பாத்துட்டு இருந்தேன்."